எஞ்சின் பெல்ட் கீச்சிடுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரை ஸ்டார்ட் செய்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி பானெட்டுக்குள்ளிருந்து எழும் கீச்சொலியைக் கேட்டவுடன் பெரும்பாலோர் செய்வது பெல்ட்டை மாற்றுவதுதான். பல நேரங்களில் அது தேவையற்ற செலவு. கத்துவது பெல்ட்டாக இருந்தாலும், அதைக் கத்தவைப்பது வேறொரு பாகமாக இருக்கக்கூடும். அந்தப் பாகத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்குள்ள விடைகள் விளக்குகின்றன.

இங்கே பேசப்படுவது எந்தப் பெல்ட்?

எஞ்சினின் முன்பக்கத்தில் வெளியே தெரியும்படி ஓடும் பெல்ட்டைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். கிராங்க் புல்லியிலிருந்து (எஞ்சினின் முதன்மைத் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) சுழற்சியை வாங்கி, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் ஆகியவற்றை அது சுற்றுகிறது. ரேடியேட்டர் விசிறியை எஞ்சினே சுற்றிய காலத்தில் அதற்கு ஃபேன் பெல்ட் என்று பெயர் வந்தது. விசிறி மின்சார மோட்டாருக்கு மாறிய பிறகும் பட்டறைகளில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் இரண்டு வகைகள் உண்டு. குறுக்குவெட்டில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இருக்கும் ஒற்றைப் பள்ளப் பெல்ட் பழைய கார்களிலும் டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் இருக்கிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் தட்டையான முதுகும் உட்புறம் நீளவாக்கில் பல வரிகளும் கொண்ட ரிப் பெல்ட்தான். அதன் முதுகில் ‘6பிகே 1020’ என்பது போல அச்சிட்டிருக்கும். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, 1020 என்பது மில்லிமீட்டரில் நீளம், பிகே என்பது வரியின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்துகள்.

டைமிங் பெல்ட் இதிலிருந்து வேறானது. அது மூடிக்குள் ஓடும் பல் வைத்த பெல்ட். பற்கள் பொருந்தி ஓடுவதால் அது இப்படி நழுவிக் கீச்சிடுவதில்லை. அறுந்தால் வரும் சேதம் மிகப் பெரியது என்பதால், இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ரப்பர் பெல்ட்டுக்கு இவ்வளவு பெரிய குரல் எங்கிருந்து வருகிறது?

வயலின் வில் தந்தியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மீண்டும் பற்றுவதால் நாதம் எழுகிறது அல்லவா? பெல்ட்டிலும் நடப்பது அதுவே. புல்லியின் பள்ளத்தைப் பெல்ட் போதிய அளவு பற்றாதபோது, ரப்பர் ஒரு கணம் ஒட்டி மறுகணம் வழுக்குகிறது. இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ, இரு புல்லிகளுக்கிடையே இழுபட்டு நிற்கும் பெல்ட் தந்தியைப் போல அதிர்கிறது.

பற்றுதலைத் தீர்மானிப்பவை மூன்று: பெல்ட்டின் இறுக்கம், ரப்பருக்கும் புல்லிக்கும் இடையிலான உராய்வு, புல்லியின் சுற்றளவில் எவ்வளவு பகுதியைப் பெல்ட் தழுவியிருக்கிறது என்பது. ஆல்டர்னேட்டரின் புல்லி மிகச் சிறியது. கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் அது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று முறை சுற்றிவிடும். தழுவும் பரப்பு குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருப்பதால், பெரும்பாலும் முதலில் நழுவும் இடம் அதுதான்.

சத்தத்தைக் கேட்டே காரணத்தைச் சொல்ல முடியுமா?

முழுமையாக முடியாது. ஆனால் பாதி வழியைக் காது கடந்துவிடும். குருவி கத்துவதைப் போல ‘கிச், கிச், கிச்’ என்று விட்டுவிட்டு, சீரான இடைவெளியில், ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) தெளிவாகக் கேட்டால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று ஐயப்பட வேண்டும். பெல்ட் சற்றே சாய்ந்து பள்ளத்துக்குள் நுழையும்போது வரியின் பக்கச்சுவர் உரசுவதால் எழும் ஒலி அது. எஞ்சின் வேகம் கூடும்போது இடைவெளி குறையும்.

‘கிரீ…ச்’ என்று நீண்டு இழுக்கும் ஒலி, அதுவும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் அல்லது சுமை கூடியவுடன் உரத்துக் கேட்டால், அது நழுவல். இறுக்கம் குறைந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஏதேனும் ஒரு புல்லி சுற்ற மறுத்து இறுகியிருக்கலாம். இவை இரண்டிலும் சேராமல் ‘கர்ர்ர்’ என்றோ அரைவை இயந்திரத்தைப் போலவோ கேட்டால், அது புல்லியின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கின் குரல். பெல்ட்டுக்கு அதில் பங்கில்லை. ‘டக், டக்’ என்ற ஒலி வந்தால், பள்ளத்தில் சிறு கல் சிக்கியிருக்கிறதா, ஒரு வரி பிய்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்ச் சோதனையை எப்படிச் செய்வது?

காரைத் தட்டையான இடத்தில் நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். செடிகளுக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் மட்டும் சிறிதளவு தெளியுங்கள். ஆல்டர்னேட்டரின் மேல் பாய்ச்ச வேண்டாம்.

சத்தம் சட்டென்று அடங்கிச் சில நொடிகளில் திரும்பி வந்தால், புல்லிகளின் நேர்கோடு தவறியிருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் சத்தம் இன்னும் உரத்தால், இறுக்கம் போதவில்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங்குகளை நோக்கித் திரும்ப வேண்டும். பைசாச் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பெல்ட்டை அறுத்தெடுக்கும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றோடு ஓடும் பெல்ட்டை அணுகக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் மின்விசிறி திடீரென்று தானாகச் சுற்றத் தொடங்கும். ஆகவே கைவைத்து வேலை செய்வதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கத்திவிட்டு அடங்கிவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

மழைக்காலத்திலும், பனி பெய்யும் மார்கழிக் காலைகளிலும், தேங்கிய தண்ணீரைக் கடந்த பின்னும் ஓரிரு நிமிடங்கள் கத்துவது பெரிய குற்றமில்லை. ஈரம் உலர்ந்ததும் பிடி திரும்பிவிடும்.

வெயில் நாளிலும் தினமும் காலையில் கத்தினால் கதை வேறு. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து உறிஞ்சிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் உடனே திருப்பிக் கொடுக்க முனைவதால், ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடங்களில் அதன் மீதான சுமை அதிகம். பேட்டரி வலுவிழந்திருந்தால் அந்தச் சுமை இன்னும் நீடிக்கும். அதாவது, பெல்ட் கத்துவதற்குக் காரணம் சாகப்போகும் பேட்டரியாகவும் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். கத்தும் நேரத்தில் மட்டும் 12 வோல்ட்டுப் பக்கம் இறங்கினால், ஆல்டர்னேட்டர் புல்லியில் பெல்ட் நழுவுகிறது என்று கொள்ளலாம். கணினி வழியாக மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் இந்த அளவு இயல்பாகவே ஏறி இறங்கும் என்பதால், அங்கே இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஏசி போட்டால் கத்துகிறது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் கத்துகிறது. இவை எதைக் காட்டுகின்றன?

இரண்டும் சுமை கூடும் தருணங்கள். ஏசி கிளட்ச் ‘டிக்’ என்று பிடிக்கும் அந்தக் கணத்தில் கம்ப்ரசரின் பளு முழுவதும் பெல்ட்டின் மேல் விழுகிறது. ஒரு நொடி கத்திவிட்டு அடங்கினால் பெரும்பாலும் இறுக்கக் குறைவு. ஏசி ஓடும் நேரமெல்லாம் கத்தினால், கம்ப்ரசரே உள்ளே இறுகத் தொடங்கியிருக்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சற்றே எதிர்ப்புக் காட்டினாலும் சீராகச் சுற்ற வேண்டும்.

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தால் ஹைட்ராலிக் பம்ப்பில் அழுத்தம் உச்சத்தை எட்டும். அப்போது மட்டும் கத்தினால் முதலில் ஆயில் அளவையும் பிறகு இறுக்கத்தையும் பாருங்கள். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் உதவி மின்மோட்டாரிலிருந்து கிடைக்கிறது. அவற்றுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

பெல்ட்டில் வெடிப்பே இல்லை. அப்படியானால் அது நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. பழைய நியோபிரீன் பெல்ட்டுகள் வயதானதும் குறுக்கே வெடித்துத் தங்கள் நிலையைத் தாங்களே அறிவித்துவிடும். பிறகு வந்து இன்று பரவலாகிவிட்ட ஈபிடிஎம் ரப்பர் அப்படிப்பட்டதல்ல. டயர் தேய்வதைப் போல அது மெல்ல மெல்லத் தேய்கிறதே தவிர, எளிதில் வெடிப்பதில்லை. பார்வைக்குப் புதியதைப் போல இருக்கும் பெல்ட்டில் வரிகளுக்கிடையேயான பள்ளம் அகன்று, புல்லியின் மேடு பெல்ட்டின் பள்ள அடியில் இடிக்கத் தொடங்கியிருக்கும். பக்கச்சுவர்களில் ஆப்பு போல இறுகிப் பிடிக்க வேண்டிய பெல்ட், அடியில் தட்டியதும் பிடியை இழக்கிறது.

இதை அளப்பதற்கென்று பெல்ட் தயாரிப்பாளர்கள் வெளியிடும் சிறு பிளாஸ்டிக் அளவுகோல்கள் உண்டு. அது இல்லையென்றால் அதே எண்ணுள்ள புதிய பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வரிகளின் ஆழத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வி பெல்ட்டில் இதே கோளாறைப் புல்லியே காட்டிக்கொடுக்கும்: பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால், பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது.

பக்கச்சுவர் கண்ணாடி போல மினுங்குவது, ஓரத்தில் நூல் பிரிவது, ஒரு பக்க வரி மட்டும் அதிகமாகத் தேய்ந்திருப்பது, தொட்டால் பிசுபிசுப்பது ஆகியவையும் மாற்றுவதற்கான அறிகுறிகள். ஆனால் மாற்றுவதற்கு முன், அவை ஏன் வந்தன என்று கேட்டாக வேண்டும்.

புதுப் பெல்ட் போட்டேன். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே சத்தம். பெல்ட் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். என்னுடைய பழைய காரில் ஓராண்டுக்குள் மூன்று பெல்ட்டுகள் மாறின. மூன்றாவதைக் கழற்றும்போதுதான், வாட்டர் பம்ப்பின் அடியில் பச்சை நிறத்தில் காய்ந்திருந்த மெல்லிய கோடு கண்ணில் பட்டது. எஞ்சின் சூடானபின் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்த கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பெல்ட்டில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பம்ப் மாறியதும் நான்காவது பெல்ட் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

புதுப் பெல்ட்டுக்கு உராய்வு நன்றாக இருப்பதால், அடிப்படைக் கோளாறைச் சில வாரங்கள் அது மறைத்துவிடும். ஆகவே சத்தம் திரும்பினால் முதலில் கசிவைத் தேடுங்கள். கூலண்ட், வால்வ் கவரிலிருந்தோ கிராங்க் சீலிலிருந்தோ வரும் எஞ்சின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் என எதுவாகவும் இருக்கலாம். ஆயில் பட்டால் ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

அடுத்து டென்ஷனர். ரிப் பெல்ட்டை எப்போதும் ஒரே இறுக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பிரிங் கை அது. அந்த ஸ்பிரிங்கும் களைத்துப்போகும். ஐட்லிங்கில் அதன் கையைக் கவனியுங்கள்: மெல்லிய அதிர்வு இயல்பானது, கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் குதித்தால் அதன் காலம் முடிந்தது. ஸ்பேனரால் மெல்லத் தள்ளினால் ஒரே சீராக எதிர்த்து, ஒரே சீராகத் திரும்ப வேண்டும். இடையில் திக்கினாலோ தொளதொளவென்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள். இறுக்க எல்லையைக் காட்டும் குறிகள் இருந்தால், முள் அவற்றுக்கு வெளியே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில் பெல்ட்டை மட்டும் மாற்றி டென்ஷனரையும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியையும் விட்டுவிடுவது, என்னைக் கேட்டால், பாதி வேலை.

பிறகு நேர்கோடு. ஒரு நீண்ட இரும்பு அளவுகோலைப் புல்லிகளின் முகத்தில் சாய்த்துப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் தெரிந்துவிடும். ஓர் அடி இடைவெளிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே ரிப் பெல்ட் சிணுங்கத் தொடங்கும். அண்மையில் ஆல்டர்னேட்டரோ கம்ப்ரசரோ மாற்றப்பட்டிருந்தால், வாஷரோ ஸ்பேசரோ இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது கிராங்க் புல்லி. நடு உலோகத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. அந்த ரப்பர் பிரிந்தால் வெளி வளையம் தள்ளாடும், அல்லது நடுப்பகுதியை விட்டு நழுவும். நடுவிலிருந்து வெளி விளிம்புவரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு, சில நாள் ஓட்டிய பிறகு பாருங்கள். கோடு இரண்டாக உடைந்து விலகியிருந்தால் புல்லியை மாற்ற வேண்டும்.

டீசல் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் புல்லி ஒருபக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் தனியாகச் சுற்றும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் உட்சுழலியை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினால் இது தெரியும். இருபுறமும் பிடித்தாலோ இருபுறமும் சும்மா சுற்றினாலோ அது பழுது.

சத்தம் பெல்ட்டிலிருந்தா, பேரிங்கிலிருந்தா என்று எப்படிப் பிரித்தறிவது?

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் ஓசையின்றி மெதுவாக நிற்கும். மணல் அரைப்பதைப் போலக் கரகரத்தாலோ, கிரீஸ் முழுதும் உலர்ந்து பம்பரம் போல நெடுநேரம் சுற்றினாலோ, புல்லியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் கொடுத்தாலோ அதுதான் குற்றவாளி. ஐயம் தீரவில்லையென்றால், பெல்ட் இல்லாமல் எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் சத்தம் இருந்தால் அது எஞ்சினுக்கு உள்ளே. வாட்டர் பம்ப்பை இந்தப் பெல்ட்டே சுற்றும் கார்களில் குளிர்ந்த எஞ்சினில் செய்து, உடனே நிறுத்திவிட வேண்டும்.

டென்ஷனர் இல்லாத வி பெல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் ஏறத்தாழ 10 கிலோ பளுவுக்கு அழுத்தினால் பெல்ட் 10 மில்லிமீட்டர் அளவுக்கு உள்வாங்குவது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதுவே சரி. ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும் பள்ளம் வெட்டிய பட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, மரக்கட்டையால் அதன் கனமான உடற்பகுதியை வெளியே நெம்பிப் பிடித்து, பட்டை போல்ட்டை முதலில் முடுக்குங்கள். புதிய பெல்ட் என்றால் 15 நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே அது சற்றுத் தளர்ந்துவிடும்.

சத்தம் நிற்கும்வரை இறுக்கிக்கொண்டே போகும் பழக்கம் ஆபத்தானது. அளவுக்கு மீறிய இறுக்கம் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பேரிங்குகளைக் கொன்றுவிடும்.

ரிப் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

டென்ஷனர் கைக்கு எட்டும் காரென்றால் மாற்றலாம். பெல்ட் போகும் பாதையைக் காட்டும் படம் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனரை ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பினால் பெல்ட் தளர்ந்துவிடும். புதியதைப் பூட்டுவதற்கு முன் புல்லிப் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் ரப்பர்த் தூளை நைலான் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். பூட்டியபின் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு மூன்று சுற்று கையால் சுற்றி, மீண்டும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே ஓரம் பிய்ந்துவிடும்.

டென்ஷனரே இல்லாமல் தன் மீள்தன்மையால் இறுகி நிற்கும் ஸ்ட்ரெட்ச் பெல்ட்டுகள் சில கார்களில் வருகின்றன. அவற்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் காயப்பட்டு விரைவில் அறுந்துவிடும். அதற்குரிய கருவி இல்லாமல் தொட வேண்டாம்.

சோப்பு, சாக்பீஸ், பெல்ட் ஸ்பிரே எல்லாம் பயன்படுமா?

சோப்புத் துண்டைத் தேய்த்தால் சத்தம் நிற்பது உண்மைதான். நழுவல் நிற்பதில்லை, ஓசையில்லாமல் நழுவுகிறது, அவ்வளவே. நழுவும் பெல்ட் சூடேறி இன்னும் வேகமாகக் கெடும். ஒட்டும் தன்மையுள்ள ஸ்பிரே ரிப் பெல்ட்டின் பள்ளங்களில் நம் ஊர்ச் செம்மண் புழுதியை இழுத்து ஒட்டவைத்து, உரசும் பசையாக்கிவிடும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை ரப்பரையே கெடுப்பவை. வெறும் தூசு என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டலாம்.

கத்தும் பெல்ட்டோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

வாட்டர் பம்ப்பைச் சுற்றாத பெல்ட் என்றால், அது அறுந்தாலும் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கொண்டு, ஏசியையும் முடிந்தால் விளக்குகளையும் அணைத்துவிட்டு, பக்கத்துப் பட்டறை வரை போய்ச் சேரலாம். வாட்டர் பம்ப்பும் அதிலேயே ஓடினால், பேட்டரி விளக்கு எரிந்து வெப்பமானி முள் ஏறத் தொடங்கிய அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்ளும். உங்கள் காரில் எந்தப் பெல்ட் எதைச் சுற்றுகிறது என்பதை, அது கத்தத் தொடங்குவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் எந்தக் காராக இருந்தாலும் நிறுத்துங்கள். ஏதோ ஒரு புல்லி இறுகிவிட்டது.

கழற்றிய பழைய பெல்ட்டை டிக்கியில் வைத்திருக்கலாமா?

வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றப்பட்டு, நூல் பிரியாமலும் ஆயில் படாமலும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் அது ஊர் சேர்க்கும். மடித்து நசுக்காமல் பெரிய வளையமாகச் சுருட்டி, ஜாக்கிக்கு அடியில் சிக்காதபடி வையுங்கள். அதை மாட்டுவதற்குத் தேவையான ஸ்பேனரையும் கூடவே கட்டி வையுங்கள். பெல்ட் இருந்து ஸ்பேனர் இல்லாமல் வழியில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.